மஞ்சள் தடவிய விமான டிக்கெட்

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் காய்ந்த துணியை எடுக்க பால்கனிக்குப் போனேன். கீழ் வீட்டிலிருந்து ராஜ்மா வேகும் வாசனை வந்தது. உன் வீடு. இனியும் அப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை. உன் அண்ணன் அதை வாடகைக்கு விட்டுவிட்டார், ஜெய்ப்பூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தம்பதி குடிவந்திருக்கிறார்கள். அந்தப் பெண் வெங்காயத்தையும் தக்காளியையும் அவசரப்படாமல் வதக்குகிறாள். நீ இருந்தால் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு "பாஸ்" என்று மார்க் போட்டிருப்பாய். எனக்கு ராஜ்மா பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது, அந்தப் பெரிய சிவப்புப் பயறைத் தண்ணீரில் பார்த்தால் இன்னும் எனக்கு மாட்டுக்கு ஊற வைத்தது போலத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்று துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வாசனை அடங்கும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.

கடிதம் எழுதிக்கொள்ளும் பழக்கமெல்லாம் நமக்கு எங்கே இருந்தது? பால்கனிக் கம்பியில் டம்ளரைத் தட்டினால் போதும், கீழேயிருந்து "ஆ ரஹீ ஹூம், வாரேன் பொறுடி" என்று குரல் வரும். அடுத்த நிமிஷம் செருப்புச் சத்தம். இப்போது தட்டினால் அந்த ஜெய்ப்பூர்ப் பெண் பயந்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

விஷயத்தை நீ எனக்குச் சொன்ன விதம் இருக்கிறதே, அதற்காக இன்னும் உன் மேல் எனக்குக் கோபம் உண்டு. மழை விட்ட ஒரு சாயங்காலம், நான் மாடிப்படியில் காய்கறிப் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறேன். நீ உன் வாசலில் நின்று, "தோரி வாங்கினியாட்டி, என்ன விலை சொன்னான்?" என்றாய். பீர்க்கங்காயைத்தான் நீ எப்போதும் தோரி என்பாய். நான் விலையைச் சொன்னேன். "லூட்டிட்டான் உன்ன" என்றாய். அப்புறம் அதே மூச்சில், "டாக்டர் ரிப்போர்ட் பாத்துட்டாவ. மார்ல இருக்கது அதேதானாம். கீமோ போடணும்ங்காவ" என்றாய். எனக்குக் கையில் பை இருந்தது, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. நீதான் வாங்கி வைத்தாய்.

அன்றைக்கே நான் கட்சித் தலைவியாகிவிட்டேன். என் சுபாவம் உனக்குத் தெரியாதா? யார் வீட்டில் விசேஷமென்றாலும் பந்தியில் யார் எதைப் பரிமாறுவது என்று நான்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நம் ஜனக்புரி தமிழ்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் இன்னார் இன்ன கிழமை உனக்குச் சாப்பாடு கொடுப்பது என்று முறை போட்டேன். பத்தியமாக இருக்க வேண்டும், காரம் கூடாது, எண்ணெய் கூடாது, நம் வீட்டுச் சாப்பாடுதான் வயிற்றுக்கு இதம் என்று உத்தரவும் போட்டேன். ஒரு சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய், உப்பு நார்த்தங்காயும் சுண்டை வற்றலும் பச்சரிசிக் குருணையும் தூக்க முடியாமல் தூக்கி வந்தேன். ஆளுக்கு ஒன்றாக உனக்குக் கொண்டுவந்து குவித்தோம். இளநீர், மாதுளை, கோதுமைப் புல் சாறு, ஊர் ஊராகப் போன கோவில்களின் விபூதிப் பொட்டலம். தலைமுடி கொட்ட ஆரம்பித்ததும் குழுவே சேர்ந்து ஒரு பட்டு ஸ்கார்ஃப் வாங்கியது. மயிலிறகுப் பச்சை. எவ்வளவு அழகு. மொட்டைத் தலையில் பட்டு நிற்காது என்பது எங்கள் ஒருத்திக்கும் தோன்றவில்லை. கட்டிக்கொண்டு நீ திரும்பினாய், அது வழுக்கித் தோளில் விழுந்தது. "பட்டு என்னய விட்டு ஓடுதே" என்று சொல்லிச் சிரித்தாய். நாங்களும் சிரித்தோம்.

எதிர் வீட்டு குர்மீத் ஆன்ட்டி பத்து நாள் பூங்கா வெயிலில் உட்கார்ந்து ஒரு கம்பளித் தொப்பி பின்னினார். தலை அரிக்கக் கூடாதென்று உள்ளே தன் பழைய, மெத்தென்ற மல்மல் துப்பட்டாவை வெட்டித் தைத்திருந்தார். பார்க்க ஒன்றும் அழகில்லை, கடுகு நிறம். அதற்கப்புறம் உன் தலையில் நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

பெருங்காயம் உனக்கு ஆகவில்லை என்று நீ ஒருநாள் சொன்னாய். தாளிக்கிற வாசனை மாடியிலிருந்து இறங்கி வந்தாலே குமட்டுகிறதாம். சரி என்று பெருங்காயம் இல்லாமல் ரசம் வைத்தேன், அதற்காக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். நீ எனக்காக இரண்டு கரண்டி சாப்பிட்டாய். ஸ்டீல் கரண்டி வாயில் வைத்தால் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்று ஐஸ்கிரீம் கடையின் மரக் குச்சியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "நல்லாருக்குட்டி" என்றாய். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நான் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பார்த்தேன்.

தீபாவளிக்கு முன்னால் வந்த ஞாயிறு உனக்கு ஞாபகம் இருக்கும். மருந்து ஏற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. இட்லியை மஸ்லின் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கி வருகிறேன், உன் பால்கனியில் நீயும் குர்மீத் ஆன்ட்டியும் பிரம்பு மோடாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உன் மடியில் ஒரு டப்பா. ராஜ்மாவும் சாதமும். கடுகு நிறத் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். மூன்று வாரமாக நாங்கள் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டியதை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. ஆன்ட்டி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சுருக்கென்றது. "இதெல்லாம் வாயுடி. நாளைக்கு வயித்தப் பிடிச்சிட்டு உக்காருவே" என்றேன்.

"எதுனாலும் ஆவட்டும். வாய்க்கு ருசின்னு ஒண்ணு தெரிஞ்சு எத்தன நாளாச்சு. போதும், இத மட்டும் விட்ரு."

"உடம்பு சரியில்லாதப்ப பழகின நாக்குக்குப் பழகின சாப்பாடுதான் ஒத்துக்கும். நம்ம சாப்பாடு மாதிரி வருமா?"

நீ நிமிர்ந்து பார்த்தாய். கோபமில்லை, கொஞ்சம் ஆச்சரியம் மாதிரி. "என் நாக்கு எங்க பழகிச்சுன்னு உனக்கு யாருட்டி சொன்னா? அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஷிஃப்டு. மந்திர் மார்க்ல ஸ்கூல் விட்டு வந்தா பக்கத்துக் குவாட்டர்ஸ் பஞ்சாபிப் பாட்டி, பீஜிதான் எனக்குச் சோறு போடுவா. ராஜ்மா, மோர்க் கடி, ஆலு கோபி. எங்கம்மா ரசம் வச்சா அது விசேஷம்."

இவ்வளவு வருஷத்தில் இதை நீ எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. உன் வாயிலிருந்து வந்த திருநெல்வேலித் தமிழைக் கேட்டுவிட்டு, ஆள் முழுக்கத் திருநெல்வேலி என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அந்தத் தமிழ் உன் அப்பா அம்மா ரயிலில் கொண்டுவந்தது. நீ பிறந்தது, படித்தது, வேலைக்குப் போனது, ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போகும்போது நான் வரவில்லை என்று தனியாக இங்கே நின்றது எல்லாம் இந்த மண்ணில். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தாம். தெரிந்து என்ன செய்ய, இட்லியை உன் மேஜையில் வைத்துவிட்டு, "சாயங்காலம் சாப்பிடு" என்று அதட்டிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

தீபாவளி முடிந்ததும் புகை வந்தது. ஒவ்வொரு வருஷமும் வருவதுதான், அந்த வருஷம் எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. காலையில் எதிர் பிளாக் தெரியாது. நீ இருமினால் மேலே எனக்குக் கேட்கும். அப்போதுதான் உன் அண்ணன் எனக்குப் போன் செய்தார். உனக்கு இல்லை, எனக்கு. "தங்கச்சி, அந்தப் புகையில தனியாக் கெடந்து அவ என்ன செய்யப்போறா? இங்க மதினி இருக்கா, பிள்ளைய இருக்கு. இங்கயும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, அதே மருந்து குடுக்காவ. நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொன்னா கேப்பா." நல்ல மனுஷர். குரல் உடைந்துவிட்டது அவருக்கு. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இங்கே உன்னைப் பார்த்த டாக்டரைக் கேட்டோம், மீதி மருந்தை எங்கே வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்று அவரும் சொன்னார்.

நான் உன்னிடம் பேச்சை எடுத்தபோது நீ பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாய். "ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வாயேன்" என்றேன்.

"எந்த ஊருக்கு?"

"இது என்னடி கேள்வி. உன் ஊருக்குத்தான்."

"அண்ணன் ஊருன்னு சொல்லு" என்றாய். அப்புறம் பட்டாணித் தோலைக் கூடையில் போட்டபடி, "அங்க எனக்கு ரெண்டு தெரு தெரியும். ஒண்ணு வீடு இருக்க தெரு, இன்னொண்ணு கோயில் தெரு. கல்யாணத்துக்குப் போனா மூணாம் நாள் திரும்பிருவேன். சீக்காளியா எப்பிடிப் போயி உக்கார? ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து பாத்துட்டு உச்சுக் கொட்டுவாவ."

"சொந்தக்காரங்க வராம பின்ன யார் வருவாங்க?"

"நீ வருவ. சண்டை போடுவ. போதும்" என்றாய்.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். நான் விடுகிற ஜாதியா? குழுவில் பேசினேன். நம் பெண்களுக்கு உன் மேல் எவ்வளவு பிரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கம்பளி, பழம், சத்துமாவு எல்லாம் சின்ன விஷயம், உண்மையிலேயே அவளுக்கு உதவுகிற ஒரு பரிசு கொடுப்போம் என்று ஒருத்தி எழுதினாள். எல்லோரும் சேர்ந்து விமான டிக்கெட் வாங்கினோம். முன் வரிசை, சக்கர நாற்காலி, தூத்துக்குடியில் இறங்கியதும் கார், எல்லாம் ஏற்பாடு. எனக்கு வேறு புத்தி கெட்டுப்போய், வெறும் காகிதமாகக் கொடுப்பதா என்று கல்யாணத்துக்கு மொய் வைக்கிற கவரில், அந்த ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருக்குமே அதில், டிக்கெட்டை மடித்து வைத்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன். நடுவில் குங்குமம். தட்டில் வெற்றிலை பாக்கு பூவோடு ஏழெட்டுப் பேர் மாஸ்க் போட்டுக்கொண்டு உன் வரவேற்பறையில் வந்து நின்றோம்.

மஞ்சள் குங்குமத்தோடு வருகிற தட்டை யார் வேண்டாம் என்று சொல்வார்கள்? கொடுத்த நாங்களும் அதை யோசிக்கவில்லை. வாங்கிக்கொள்கிறவள் வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. சீமந்தத் தட்டு நீட்டுகிற மாதிரி நீட்டினோம். நீ கவரைப் பிரித்துப் பார்த்தாய். மூடினாய். எங்கள் எல்லோருடைய கண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாய். எல்லாக் கண்ணும் கலங்கியிருந்தது, என்னுடையதும்.

"இவ்வளவு ஆசையாக் குடுக்கிய" என்றாய். "போய்ட்டு வாரேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவர்கள் போன பிறகு தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: "உனக்காச்சும் கொஞ்சம் ரெஸ்ட் கெடைக்கும். ரொம்ப எளைச்சிட்டட்டி நீ." அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பார்த்தாயா, எவ்வளவு நல்லவள் என்று உன்னைப் பற்றி வீட்டில் போய் என் வீட்டுக்காரரிடம் பெருமை பேசினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவங்களுக்குப் போக இஷ்டமா?" என்று கேட்டார். "நீங்க சும்மா இருங்க" என்றேன்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் உன்னை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனவனிடம் நீ பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனாய். அவன் டெல்லி ஓரத்து நஜஃப்கட்காரன், உனக்கு அங்கே ஒரு பழைய சிநேகிதி, அவள் வீட்டு எருமை என்று கதை ஓடியது. திரும்பிக் கை காட்டுவாய் என்று நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். நீ பேச்சு சுவாரஸ்யத்தில் திரும்பவே இல்லை. அப்போது எனக்கு அது வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால், போகிற வழியெல்லாம் ஹிந்தியில் பேசக் கடைசியாக ஒருத்தன் கிடைத்தான் என்று நீ பேசித் தீர்த்திருக்கிறாய்.

அங்கே உன்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். இதை நான் சொல்லியாக வேண்டும். உன் மதினி உனக்காகத் தனி அறையில் வெள்ளையடித்து, கட்டில் போட்டு, தினம் விரிப்பு மாற்றி, உன் குமட்டலுக்குப் பாத்திரம் ஏந்தினாள். குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். நீயும் ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்லை. போன் செய்யும்போதெல்லாம் வேறு என்னென்னமோ கேட்பாய். கடைக்குக் கஜக் எள்ளு மிட்டாய் வந்துவிட்டதா, சகர்கந்திக் கிழங்கு வண்டி தெருமுனையில் நிற்கிறதா, ரஜாய்ப் போர்வையை வெயிலில் போட்டாயா. ஒருநாள், "போனைப் பால்கனிக்குக் கொண்டு போ" என்றாய். கொண்டு போனேன். கீழே காய்கறிக்காரர் "மட்டர் லேலோ" என்று பட்டாணி விற்றுக் கூவிக்கொண்டு போகிறார், புறா முனகுகிறது, யாரோ ஸ்கூட்டரை உதைக்கிறார்கள். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்து "ஹலோ" என்றேன். "இருக்கேன், பேசாத" என்றாய்.

இன்னொரு நாள், "ஏட்டி, கொஞ்சம் ஹிந்தில பேசு" என்றாய்.

"எதுக்கு?"

"சும்மாதான். இங்க எல்லாரும் தமிழ்லயே பேசுதாவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தமிழ்நாட்டுல பின்ன என்ன பாஷை பேசுவாங்க?"

நீயும் சிரித்தாய். "அது செரிதான். ஆனா தூக்கத்துல நான் ஹிந்தில பொலம்புதேனாம். மதினி பயந்துட்டா, பேய் கீய் பிடிச்சிட்டோன்னு வேப்பிலை வச்சிட்டா தலைமாட்டுல. வலிக்கப்போ எனக்கு அப்பிடித்தான் வருது. நான் என்ன சொல்லுதேன்னு அவியளுக்குப் புரியல. பாவம், தண்ணி கேட்டனா, போர்வை கேட்டனான்னு முழிக்காவ."

என் ஹிந்தியை நீ எவ்வளவு கேலி செய்திருக்கிறாய். பாதி வார்த்தைக்கு மேல் பையா, அச்சா, டீக் ஹை என்று ஒப்பேற்றுகிறவள் நான். சிரிப்பாயே என்று வெட்கமாக இருந்தது. "அதெல்லாம் நீ வந்த பிறகு பேசிக்கலாம், இப்ப ரெஸ்ட் எடு" என்று தமிழிலேயே சொல்லி வைத்துவிட்டேன். நான்கு வாக்கியம் தப்பும் தவறுமாகப் பேசியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? நீ சிரித்திருப்பாய். அதைத்தானே கேட்டாய்.

குளிர் குறைந்து, புகை விலகி, பூங்காவில் பூ வந்த சமயம் நீ தெளிவாகவே கேட்டாய். "நான் வந்துருதேன். மிச்ச மருந்த அங்கயே போட்டுக்கிடுதேன். அண்ணங்கிட்டச் சொல்லிட்டேன், அவன் முழிக்கான். நீ ஒரு வார்த்த சொல்லு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஹோலி முடியட்டும் என்றேன். தெருவெல்லாம் கலர்ப்பொடி, தண்ணீர், கூட்டம், உனக்குத் தொற்று வந்துவிடும், முடிந்ததும் நானே வந்து கூட்டி வருகிறேன் என்றேன். சரியான காரணம்தான். அந்த வருஷம் முழுக்க எங்களிடம் சரியான காரணங்கள் நிறைய இருந்தன. நீ "அச்சா" என்றாய். உன் அச்சாவில் எத்தனை வகை உண்டு என்று எனக்குத் தெரியும், அது சம்மதிக்கிற அச்சா இல்லை.

ஹோலிக்கு மறுவாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கிவிட்டது, பயணம் கூடாது என்றார்கள். நான் கிளம்பி வந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ அந்தத் திருநெல்வேலி வெக்கையிலும் கடுகு நிறத் தொப்பியோடு படுத்திருந்தாய். என்னைப் பார்த்ததும், "ஜல்தி வந்துட்ட" என்றாய். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஹிந்தி அத்தனையும் பேசினேன். குர்மீத் ஆன்ட்டிக்கு முட்டி வலி, காய்கறிக்காரர் மகளுக்குக் கல்யாணம், பூங்காவில் ஊஞ்சல் உடைந்தது. நீ கண்ணை மூடியிருந்தாய். கேட்டாயா என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் போய்விட்டாய்.

நீ இங்கே இருந்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. திரும்பி வந்ததும் இங்குள்ள டாக்டரிடம் எல்லாக் காகிதத்தையும் காட்டினேன். அதே மருந்துதான், நாங்களும் இதைத்தான் செய்திருப்போம் என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். ஆனால் வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. நோய் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான் என்றால், அந்தச் சில மாதங்களை நீ எங்கே இருந்து கழிப்பது என்பது மட்டும்தான் மனிதர் கையில் இருந்தது. அதை உன் கையில் நாங்கள் விடவில்லை. மஞ்சள் தடவி வாங்கிக்கொண்டோம்.

காலனி ஹாலில் உனக்காகக் கூடினோம். நம் பெண்கள் எல்லோரும் வந்தார்கள், உன் ஆபீஸிலிருந்தும் வந்தார்கள். குர்மீத் ஆன்ட்டி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புதிதாகக் குடிவந்த ஒரு தமிழ் அம்மாள், உன்னை நேரில் அறியாதவள், என்னிடம் குனிந்து, "அவங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டாள். டெல்லியில் இரண்டு தமிழர் சந்தித்தால் பெயருக்கு முன்னால் கேட்கிற கேள்விதானே. "திருநெல்வேலிப் பக்கம்" என்றேன். உன்னை அங்கே எரித்துவிட்டு வந்த பிறகும் என் வாயில் அதுதான் வந்தது.

ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. ஊர்ப் பெயர் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. "க்யா பூச்சா?" என்றார். அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டார். அப்படி ஒரு கோபத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. "நஹீம். தில்லி கீ தீ. யஹீம் கீ தீ" என்றார். டெல்லிக்காரி, இந்த இடத்துக்காரி. அதைச் சொல்லிவிட்டு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தத் தமிழ் அம்மாள், என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று என்னைப் பார்த்தாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது வருகிறது. கல்யாண வீடுகளிலும் பஜனையிலும் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்டுவிடுகிறார்கள், அவங்க எந்த ஊரு என்று. டெல்லி என்கிறேன். அது சரிங்க, அதுக்கு முன்னாடி என்று விடாமல் கேட்பார்கள், நம் ஜனங்கள் விட மாட்டார்களே.

"அதுக்கு முன்னாடியும் டெல்லிதான்" என்கிறேன்.